உங்க டேங்க்ல இப்போ எத்தனை லிட்டர் இருக்கு?

கேள்வி உங்களுக்குத்தான். போன்ல இன்னிக்கு எத்தனை ஜிபி மிச்சம்னு கேட்டா உடனே சொல்லுவீங்க. அட்டெண்டன்ஸ் எத்தனை பர்சென்ட்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் டெசிமலோட சொல்லுவீங்க. ஆனா நீங்க தங்கியிருக்குற ரூம், பிஜி, ஹாஸ்டல், இல்ல சொந்த வீடு, அதோட மொட்டை மாடி டேங்க்ல இந்த நிமிஷம் எத்தனை லிட்டர் தண்ணி இருக்குன்னு கேட்டா பதில் வராது. டேங்க்கோட மொத்தக் கொள்ளளவே பல பேருக்குத் தெரியாது. குழாயைத் திறந்தா வருது, வரலைன்னா மோட்டார் போடச் சொல்லிக் கத்துறோம். நம்ம வாட்டர் மேனேஜ்மென்ட் இவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு எப்பவும் சரியான பதில் வெச்சிருக்குற ஒரு கூட்டம் உலகத்துல இருக்கு: பாய்மரப் படகுல நெடுந்தூரம் போறவங்க. சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி, ஆனா குடிக்கிறதுக்கு டேங்க்ல இருக்குறது மட்டும்தான். அவங்க அந்த டேங்க்கை எப்படிப் பார்த்துக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா, அஸ்தினாபுரத்துல வாடகை வீட்டுல இருக்குற நமக்கு அதுல நிறைய பாடம் இருக்கு. இந்தக் கட்டுரையோட வாதமே அதுதான். தண்ணிப் பஞ்சம்னு நாம சொல்றதுல ஒரு பங்கு வரத்து சம்பந்தப்பட்டது, அது நம்ம கையில இல்ல. ஆனா இன்னொரு பங்கு சேமிப்பும் கணக்கும் சம்பந்தப்பட்டது. அதை நாம தொடவே இல்லை.

கடல் நடுவுல டேங்க் கெட்டுப்போனா

முதல்ல ரெண்டு கதை. ரெண்டுலயும் இந்தியா இருக்கு.

சுஹைலின்னு ஒரு படகு. 32 அடி நீளம், தேக்கு மரத்துல பம்பாயில கட்டினது. அதுல ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன்ங்குற ஆங்கிலேயர் 1968 ஜூன் 14-ல இங்கிலாந்தோட ஃபால்மவுத்ல கிளம்பி, எங்கயும் நிக்காம, தனி ஆளா உலகத்தைச் சுத்தி, 1969 ஏப்ரல் 22-ல அதே ஊருக்குத் திரும்பினார். மொத்தம் 312 நாள். இப்படி நிக்காம தனியா சுத்தி வந்த முதல் மனுஷன் அவர்தான். ஆனா பயணத்தோட முதல் பாதியிலேயே, தென்கடல் புயல்ல படகு சாய்ஞ்சு அடிபட்ட பிறகு, டேங்க்ல இருந்த நல்ல தண்ணி குடிக்க முடியாத அளவுக்குக் கெட்டுப்போச்சு. திரும்பிப் போயிருக்கலாம். போகல. காரணம், எல்லாத் தண்ணியையும் அவர் ஒரே இடத்துல வெச்சிருக்கல. தனி கேன்கள்ல கொஞ்சம் இருந்துச்சு. மிச்சத்துக்கு, மழை பெய்யும்போது பாயில விழுந்து ஓடி வர்ற தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டார்.

இரண்டாவது கதை நம்ம நேவியோடது. கமாண்டர் அபிலாஷ் டோமி, ஐஎன்எஸ்வி மாதேய் படகுல 2012 நவம்பர் 1-ல மும்பையில கிளம்பி, 2013 மார்ச் 31-ல மும்பைக்கே திரும்பினார். நிக்காம, துணையில்லாம உலகத்தைச் சுத்தின முதல் இந்தியர். அந்தப் பயணத்தோட கடைசிக் கட்டத்துல அவருக்கு வந்த பிரச்சினை அலையோ காத்தோ இல்லை. நல்ல தண்ணியில டீசல் கலந்துடுச்சு. மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணியை எண்ணி எண்ணிக் குடிச்சு, மழைத்தண்ணி பிடிச்சுத்தான் வீடு வந்து சேர்ந்தார்.

ரெண்டு பேருக்கும் நடுவுல 44 வருஷம். ஒரு படகுல ஜிபிஎஸ் கிடையாது, இன்னொண்ணுல சாட்டிலைட் போன் வரைக்கும் இருந்துச்சு. ஆனா சிக்கலும் ஒண்ணுதான், காப்பாத்தினதும் ஒண்ணுதான். டேங்க் கெட்டுப்போச்சு, மழை காப்பாத்துச்சு. தொழில்நுட்பம் எவ்வளவு மாறினாலும் தண்ணியோட அடிப்படை விதி மாறலைங்குறதுக்கு இதைவிட நல்ல சான்று வேணுமா?

நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தரையும் சொல்லணும். ஐஎன்எஸ்வி தாரிணி, கோவாவுல கட்டின 56 அடிப் படகு. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளாவோட தில்னாவும், ரெண்டே பேரா, 2024 அக்டோபர் 2-ல கோவாவுல கிளம்பி 2025 மே 29-ல திரும்பினாங்க. வழியில பாயின்ட் நீமோவைக் கடந்தாங்க. உலகத்துலேயே கரையில இருந்து ரொம்பத் தூரமான கடல் புள்ளி அது. எந்தப் பக்கம் போனாலும் நிலம் வர சுமார் 2,700 கிலோமீட்டர். அங்க தண்ணி தீர்ந்தா யாருக்கு போன் போடுவீங்க? லாரிக்காரருக்கா?

படகுல என்ன பண்றாங்க?

இனி கொஞ்சம் இன்ஜினியரிங் பேசுவோம்.

முதல் விஷயம், தண்ணிக்கு எடை இருக்கு. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 400 லிட்டர்னா 400 கிலோ, அதாவது ஆறு பெரிய ஆளுங்க. அதனால டேங்க்கைப் படகோட நடுவுல, முடிஞ்சவரைக்கும் அடியில வைப்பாங்க. பாதி நிறைஞ்ச டேங்க்ல தண்ணி ஒரு பக்கமா ஓடி, படகு சாயுற பக்கமே இன்னும் சாய்க்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல 'ஃப்ரீ சர்ஃபேஸ்'னு படிச்சோமே, அதுதான். அதைத் தடுக்க டேங்க் உள்ள ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைப்பாங்க. தண்ணி லாரியிலயும் இதே தடுப்பு உண்டு.

இரண்டாவது, ஒரே பெரிய டேங்க் வைக்க மாட்டாங்க. ரெண்டு, மூணாப் பிரிப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி வால்வு. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்தான் திறந்திருக்கும். இதுல ரெண்டு லாபம். ஒண்ணு கெட்டாலும் மத்தது தப்பிக்கும். அப்புறம், முதல் டேங்க் காலியான அன்னிக்கு, 'இத்தனை நாள்ல இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம், மிச்சம் இவ்வளவு இருக்கு'ன்னு மீட்டரே இல்லாமத் தெரிஞ்சுடும். இது போக, குழாயோட இணைக்காத கேன்கள்ல எமர்ஜென்சி தண்ணி தனியா இருக்கும்.

மூணாவது, புதுசா வர்ற தண்ணியை நம்ப மாட்டாங்க. ஏதோ ஒரு துறைமுகத்துல குழாய்த் தண்ணி பிடிச்சா, முதல்ல கொஞ்சம் ஒரு பாத்திரத்துல பிடிச்சு, பார்த்து, மோந்து, ருசிச்சு, அப்புறம்தான் டேங்க்ல விடுவாங்க. அதுவும் ஒரே டேங்க்ல மட்டும். பழைய நல்ல தண்ணியோட மேல புதுத் தண்ணியை ஊத்த மாட்டாங்க. டீசல் மூடியும் தண்ணி மூடியும் மேல்தளத்துல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்குங்குறதால, கலர் அடிச்சு, பேர் எழுதி, முடிஞ்ச அளவு தள்ளித் தள்ளி வைப்பாங்க.

நாலாவது, எந்த வேலைக்கு எந்தத் தண்ணின்னு பிரிச்சிருப்பாங்க. பாத்திரம் கழுவ முதல்ல கடல் தண்ணி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி. பல படகுல சிங்க்ல மோட்டார் குழாய்க்குப் பதிலா காலால மிதிக்கிற பம்ப் இருக்கும். மிதிச்சாத்தான் வரும்ங்குறதால, கை தானா சிக்கனமாயிடும். தூரப் பயணத்துல குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3, 4 லிட்டர்ல ஓட்டுறவங்க இருக்காங்க. நம்ம ஊர் நகரத் திட்டங்கள்ல ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னு கணக்கு. ரெண்டையும் நேரா ஒப்பிட முடியாதுதான், நமக்குக் குளிக்கணும், துவைக்கணும், ஃபிளஷ் பண்ணணும். ஆனா அந்த 135-ல வாய்க்குள்ள போறது எவ்வளவு குறைவுன்னு யோசிங்க.

"ஆர்ஓ இருக்கே?"ன்னு கேப்பீங்க. இப்போ பெரிய படகுகள்ல இருக்கு. கடல் தண்ணியோட சவ்வூடு அழுத்தம் சுமார் 27 பார். அதைத் தாண்டித் தள்ளணும்னா 55 பார் கிட்ட அழுத்தம் வேணும். நம்ம நெம்மேலி, மீஞ்சூர் ஆலைகள்ல நடக்குறதும் இதேதான், அளவு மட்டும் பெரிசு. ஆனா அதுக்கு கரன்ட் வேணும். துறைமுகத்து எண்ணெய்த் தண்ணி உள்ள போனா மெம்பரேன் காலி. குளோரின் பட்டாலும் காலி. அதனால அனுபவசாலிங்க ஆர்ஓ-வை நம்பி டேங்க்கைக் காலியா வெச்சுக்கிட்டுப் போக மாட்டாங்க. மெஷின் இன்னிக்கே நின்னுபோனாலும் கரை சேர்ற அளவுக்கு டேங்க்ல தண்ணி இருக்கணும், இதுதான் அவங்க கணக்கு. நம்ம காசிமேட்டுல தங்கு கடலுக்குப் போற விசைப்படகுகளும் ஐஸ், டீசலோட குடிதண்ணியையும் நாள் கணக்குப் பார்த்துத்தான் ஏத்துறாங்க. இது வெள்ளைக்காரன் வித்தை ஒண்ணும் இல்லை.

இப்போ அஸ்தினாபுரத்துக்கு வருவோம்

நம்ம ஏரியாவை ஒரு தடவை படகுக்காரர் கண்ணால பாருங்க.

ஒரு சராசரி அபார்ட்மென்ட். கீழ ஒரு சம்ப். அதுல போர் தண்ணியும் விழுது, வர்ற நாள்ல குழாய்த் தண்ணியும் விழுது, மே மாசம் லாரித் தண்ணியும் விழுது. மூணும் ஒரே குழியில. லாரி ஓட்டிட்டு வர்ற அண்ணன் எந்தக் கிணத்துல பிடிச்சார்னு யாரும் கேக்குறதில்ல. ஹோஸ் பைப் ரோட்டுல இழுபட்டு அப்படியே சம்புக்குள்ள போகுது. 12,000 லிட்டர் லாரியில ஒரு டம்ளர் பிடிச்சு, மோந்து பார்த்து, டிடிஎஸ் மீட்டர் வெச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த மீட்டர் விலை ஒரு பிரியாணிக்கு மேல கொஞ்சம்தான். நம்மள்ல எத்தனை பேரு பார்த்திருக்கோம்?

அடுத்து சம்ப் மூடி. பாதி இடத்துல துருப்பிடிச்ச தகடு, இல்லைன்னா விரிஞ்ச சிலாப். தரைமட்டத்துலயே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில தெருத்தண்ணி கணுக்கால் உயரம் நின்னா அது நேரா எங்க போகும்? நான் வாடகைக்கு இருக்குற கட்டடத்துல போன மழைக்கு அதுதான் நடந்துச்சு. மழை நின்ன மறுநாள் சம்பைப் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரர்கிட்ட கேட்டோம். "தண்ணி தெளிவாத்தானே இருக்கு"ன்னார். அடுத்த மூணு வாரத்துல எங்க மாடியில ரெண்டு பசங்களுக்கு மஞ்சக்காமாலை. ஒருத்தன் செமஸ்டர் பரீட்சையில மூணு பேப்பர் எழுதல. தண்ணியாலதான்னு நிரூபிக்க எங்ககிட்ட எதுவும் இல்லை. யாரும் டெஸ்ட் பண்ணல, யாரும் தேதி எழுதி வைக்கல.

தெளிவா இருக்குறது வேற, சுத்தமா இருக்குறது வேற. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்றது இது: 100 மில்லி தண்ணியில ஒரு ஈ-கோலை கூடத் தென்படக் கூடாது. கண்ணால பார்த்து இதைச் சொல்ல முடியுமா? 2024 டிசம்பர்ல பல்லாவரம் பக்கத்துல வாந்தி, வயித்துப்போக்குன்னு நிறைய பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, உயிரிழப்பும் நடந்துச்சு. குடிதண்ணிதான் காரணமான்னு அப்போ பெரிய சர்ச்சை நடந்தது ஞாபகம் இருக்கும். நம்ம கேம்பஸ்ல இருந்து எத்தனை ஸ்டாப் தூரம் அது? கடல்ல டேங்க் கெட்டுப்போனா ஒரு ஆளுக்கு ஆபத்து. இங்க ஒரு தெருவுக்கே ஆபத்து.

மூணாவது, ஓவர்ஃப்ளோ. காலையில அஞ்சரை மணிக்கு நம்ம தெருவுல நடந்து பாருங்க. குறைஞ்சது ரெண்டு வீட்டு மாடியில இருந்து அருவி கொட்டும். மோட்டார் போட்டவர் தூங்கிட்டிருப்பார். சத்தம் கேட்டாத்தான் டேங்க் நிறைஞ்சதுன்னு நமக்குத் தெரியும். அதுதான் நம்ம லெவல் இண்டிகேட்டர்! இத்தனைக்கும் ஒவ்வொரு வருஷமும் நம்ம டிபார்ட்மென்ட்ல குறைஞ்சது ஒரு டீம் 'ஐஓடி அடிப்படையிலான நீர்மட்டக் காட்டி'ன்னு மினி ப்ராஜெக்ட் பண்ணுது. அல்ட்ராசோனிக் சென்சார், ஆர்டுயினோ, ஒரு பஸ்ஸர். வைவா முடிஞ்சதும் அது லேப் அலமாரிக்குப் போயிடும். அதுல ஒண்ணு கூட நம்ம ஹாஸ்டல் டேங்க் மேல ஏறினதா நான் பார்க்கல. வேலை செய்யுற பொருளைச் செஞ்சு, மார்க் வாங்கி, அலமாரியில பூட்டி வைக்கிற ஒரே இனம் நாமதான்னு நினைக்கிறேன்.

"இதெல்லாம் கவர்ன்மென்ட் வேலை, மச்சான்"

இந்த எதிர்வாதம் வரும்னு தெரியும். பாதி நியாயம்தான்.

2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு, ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. அப்போ நாம ஸ்கூல்ல இருந்தோம். அன்னிக்கு ஒவ்வொரு வீடும் குழாயை இறுக்கி மூடியிருந்தா ஏரி நிறைஞ்சிருக்குமா? நிறைஞ்சிருக்காது. சிட்லபாக்கம், செம்பாக்கம்னு ஏரிகள் வரிசையா ஒண்ணு நிறைஞ்சு அடுத்ததுக்கு வழிஞ்சு பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வரைக்கும் போற அமைப்பு நம்ம பக்கம் இருக்கு. அந்த வழியை அடைச்சு வீடு கட்டினதுக்கும், கழிவுநீரைத் திருப்பி விட்டதுக்கும் ஒரு ஸ்டூடண்ட் பக்கெட் பதில் சொல்ல முடியாது. 2021-ல தாம்பரம் மாநகராட்சி ஆயிடுச்சு. வரி மாநகராட்சி வரி, தண்ணியும் மாநகராட்சித் தண்ணியா வரணும்னு கேக்குறது நம்ம உரிமை. சிக்கனத்தைப் பத்திப் பேசுறவங்க அந்தக் கேள்வியை மூடி மறைச்சா நான் அவங்க கூட இல்லை. நாளைக்கு ரெண்டு குடம் பிடிச்சு வாழுற வீட்டுக்குப் போய் "படகுக்காரரைப் பாருங்க"ன்னு வகுப்பெடுக்குறதும் அநியாயம். அவங்களுக்குப் படகுக்காரரை விட நல்லாக் கணக்குத் தெரியும்.

நான் பேசுறது மோட்டார் ஸ்விட்ச் இருக்குற நம்மகிட்ட. கடலுக்குப் போறவர் மழையைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது. ஆனா மழை வர்றப்போ பாயை விரிச்சு வெச்சிருக்கலாம். வரத்து கையில இல்லாதவனுக்குத்தான் கணக்கு ரொம்ப அவசியம். அப்புறம் இன்னொண்ணு: மாநகராட்சியில போய்ச் சண்டை போடணும்னாலும் நம்பர் வேணும். "தண்ணியே வரலை சார்"னு சொல்றதுக்கும், "போன மாசம் 30 நாள்ல 9 நாள்தான் வந்துச்சு, ஒரு நாளைக்கு இவ்வளவு லிட்டர், இதோ தேதி"ன்னு காட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?

சரி, என்னதான் பண்றது?

பெரிய புரட்சி ஒண்ணும் இல்லை. ஒரு வீக்எண்ட் வேலை.

1. அளங்க. சம்ப் உள்ளளவு 2 மீட்டருக்கு 1.5 மீட்டர்னா, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 30 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் பைப்ல கோடு போட்டு அளவுகோல் பண்ணி மூடி பக்கத்துல மாட்டுங்க. சென்சார் அடுத்த வாரம் வரட்டும், கோல் இன்னிக்கே போதும்.

2. எழுதுங்க. காலையில ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு. லாரி வந்த தேதி, டிடிஎஸ், டேங்க் கழுவின தேதி. படகுல லாக்புக் இருக்குற மாதிரி மாடிப்படி கிட்ட ஒரு நோட்டு. ரெண்டு வாரத்துல உங்க கட்டடம் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குதுன்னு தெரிஞ்சுடும். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது அளவு இறங்குதுன்னா எங்கயோ கசியுது. சொட்டுக் குழாய்தானேன்னு விடாதீங்க. செகண்டுக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லின்னு வெச்சா நாளைக்கு நாலே கால் லிட்டர். தூரக்கடல்ல ஒரு ஆளோட ஒரு நாள் தண்ணி அது.

3. பிரிங்க. மாடியில ரெண்டு டேங்க் இருந்தா ரெண்டையும் பைப் போட்டு ஒண்ணாக்கி வெச்சிருப்பாங்க. நடுவுல ஒரு கேட் வால்வு போடச் சொல்லுங்க. பிளம்பருக்கு அரை நாள் வேலை. ஒண்ணு ஓடட்டும், ஒண்ணு ரிசர்வ். லாரித் தண்ணியை சோதிக்காம ரெண்டுலயும் ஏத்தாதீங்க. ரூம்லயும் ரெண்டு கேன் தொடாம வெச்சிருங்க.

4. மூடுங்க. சம்ப் வாயைத் தரையை விட அரை அடியாவது உசத்தி, இறுக்கமான மூடி. ஓவர்ஃப்ளோ பைப் வாய்க்குக் கொசுவலை. மழைத்தண்ணி ஒரு தடவை உள்ள போச்சுன்னா, தெளிவா இருக்கோ இல்லையோ, இறைச்சுக் கழுவி குளோரின் போட்ட பிறகுதான் பயன்பாடு. கடைசிக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும்னு அதே ஐஎஸ் 10500 சொல்லுது. கெமிஸ்ட்ரி லேப்ல பார்க்க முடியாதா என்ன?

5. ஆர்ஓ கழிவை விடாதீங்க. வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க ரெண்டு, மூணு லிட்டர் வெளிய தள்ளும். படகுல அது கடலுக்கே போகும், நஷ்டம் இல்லை. இங்க அது காசு கொடுத்து வாங்கின லாரித் தண்ணி. ஒரு பக்கெட் வெச்சா மாப் போடவும் ஃபிளஷுக்கும் ஆகும்.

6. பாயை விரிங்க. அதாவது மொட்டை மாடி. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். சென்னையில வருஷத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் கிட்ட பெய்யுது. 100 சதுர மீட்டர் மாடியில அது 1,40,000 லிட்டர். வீணாறது போக எண்பது சதவீதம் பிடிச்சாலும் 1,12,000 லிட்டர், ஒன்பது லாரிக்கு மேல. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டுல 2003-லேயே கட்டாயமாயிடுச்சு. அதனால பைப் நிறைய வீட்டுல இருக்கும். அது உடையாம, அடைக்காம, குழி வரைக்கும் போகுதான்னு செப்டம்பருக்குள்ள பாருங்க. மழை வந்த பிறகு பார்த்தா லேட்.

இதுல வாடகைக்கு இருக்குற நமக்கு எது முடியும், எது முடியாதுன்னு கேப்பீங்க. அளக்குறதுக்கும் எழுதுறதுக்கும் வீட்டுக்காரர் பர்மிஷன் வேண்டாம். ரெண்டு மாசம் எழுதின நோட்டைக் காட்டி, "சார், ஓவர்ஃப்ளோல மட்டும் மாசம் இத்தனை லிட்டர் போகுது, உங்க கரன்ட் பில்லுல இவ்வளவு"ன்னு சொன்னா வால்வும் மூடியும் தானா வரும். காசுன்னா கேக்காத வீட்டுக்காரர் இருக்காரா?

நம்ம காலேஜுக்கும் ஒரு கோரிக்கை. இந்த வருஷம் நீர்மட்ட ப்ராஜெக்ட் பண்ற டீமுக்கு ஒரு நிபந்தனை வைங்க. டெமோ லேப்ல பக்கெட்ல நடக்கக் கூடாது, ஹாஸ்டல் டேங்க்ல நடக்கணும். டிஸ்ப்ளே மெஸ் வாசல்ல இருக்கணும், எல்லாரும் பார்க்குற மாதிரி. வைவா முடிஞ்சாலும் கழட்டக் கூடாது. சாப்பிட வர்ற ஐநூறு பேரும் தினமும் மூணு வேளை மிச்சம் எத்தனை லிட்டர்னு பார்த்தாங்கன்னா, போஸ்டர் ஒட்டாமலேயே பாதிப் பேர் குழாயை மூடுவாங்க.

மே மாசம் வர்றதுக்கு முன்னாடி இந்த நோட்டை ஆரம்பிச்சுடுங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போங்க. நீளம், அகலம், உயரம். பெருக்கி வர்ற நம்பரை இந்தக் கட்டுரைக்குக் கீழ எழுதுங்க, அடுத்த இதழ்ல எல்லாத்தையும் சேர்த்துப் போடுவோம். முதல் நம்பரா எங்க கட்டடத்தோடது: சம்ப் 4,500 லிட்டர், மாடியில 2,000. இருக்குறது 14 பேர்.